ஒரே பெயரில் இரண்டு பள்ளிக்கூடங்கள்

1. கிடைக்கவில்லை

செவ்வாய்க்கிழமை காலை 10.20க்கு, வாசிப்பறையிலிருந்து போன ஒரு விண்ணப்பம் 'கிடைக்கவில்லை' என்று திரும்பி வந்தது. மேற்கு சிட்னியில் பழைய பள்ளிக்கூடப் பதிவேடுகளைப் பாதுகாக்கும் ஓர் ஆவணக் காப்பகத்தில் அப்போது வேலை செய்தேன். நாங்கள் எதையும் எறிவதில்லை. அதனால் அந்தச் சொல்லை அதிகம் பார்த்ததில்லை.

விண்ணப்பித்தவர் அன்ரி மேவிஸ், எண்பது தாண்டிய பூர்வகுடிப் பெண். கோதுமை விளையும் தூரத்து ஊர் ஒன்றிலிருந்து ஏழு மணிநேரம் ரயிலில் வந்திருந்தார். பூர்வகுடிகளும் எங்களைப் போல மூத்த பெண்களை அன்ரி என்றே அழைப்பதால் எனக்கு வாய் கூசவில்லை. அவர் பேசியது ஆங்கிலம். என் காதுக்கு அது எங்கள் யாழ்ப்பாணப் பேச்சாகத்தான் கேட்டது, அப்படியே எழுதுகிறேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்கள். ஊருக்கு வெளியே பூர்வகுடிக் குடும்பங்களை அரசு குடியிருத்திய ரிசர்விலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே படித்தவர்களின் பெயர்களும் வேண்டும் என்று அன்ரி கேட்டிருக்கிறார். அது பள்ளிக்கூடமே இல்லை, தகரக் கொட்டில் என்று கமிட்டியில் சிலர் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் அவர் எழுத்தில் சான்று காட்ட வேண்டும்; அதற்காகத்தான் ரிசர்வ் பள்ளிக்கூடத்தின் பதிவேட்டைக் கேட்டிருந்தார்.

எங்கள் பட்டியலில் அந்த ஊர்ப் பெயரில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் இருந்தது. அது ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடம்; அதன் சேர்வுப் பதிவேட்டை எடுத்து வந்தேன். அன்ரியின் பெயர் அதில் இருந்தது. திங்கள் சேர்ந்தார், வெள்ளி விலகினார். காரணம் எழுதும் பத்தியில் 'பெற்றோர் ஆட்சேபம்'.

"எங்கட அம்மா ஒண்டும் சொல்லேல்லை," என்றார் அன்ரி. "சொன்னது மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார்."

வெள்ளைக்காரப் பெற்றோர் முறையிட்டால் பூர்வகுடிப் பிள்ளையைத் தலைமையாசிரியர் வெளியே அனுப்பலாம் என்பது அந்தக் காலத்து நடைமுறை.

2. டூப்ளிகேட்

கணினிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டவர் செல்வி, திருநெல்வேலிக்காரி, ஹோம்புஷிலிருந்து வருபவர். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார்.

"அங்கிள், இந்த ஊர்ப் பேர்ல ரெண்டு ஸ்கூல் இருந்திருக்கு. ஒண்ணை டூப்ளிகேட்னு மெர்ஜ் பண்ணிருக்காங்க."

"ஆர் செய்தது?"

"காபி குடிச்சிட்டு வாங்க, சொல்றேன்."

நான்தான் செய்திருந்தேன். மூன்று வருடங்களுக்கு முன் பழைய கார்டுகளைக் கணினிக்கு மாற்றியபோது, ஒரே ஊர்ப் பெயர், ஒரே காலம் என்று இரண்டு கார்டுகள் வந்தன. மற்றவர்களின் தேதிப் பிழைகளைத் தேடித் திருத்துகிற நான், பெட்டிகளைத் திறந்து பார்க்காமலே இரண்டையும் ஒன்றாக்கினேன். இரண்டாவது பெட்டி அதே தட்டில்தான் இருந்தது. அதன் எண் மட்டும் யாருக்கும் கிடைக்காமல் போயிற்று.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் என் ஊரிலும் அரை மைல் தூரத்தில் ஒரே பெயரில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருந்தன. இரண்டாவதில் எந்தச் சாதிப் பிள்ளைகள் படித்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்; ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் முதலாவதில் படித்தவன்.

செல்வி பழைய எண்ணைத் தேடித் தந்தார். சிஸ்டம் எரர் என்று சொல்லிவிடலாம் என்றும் சொன்னார். நான் இரண்டாவது பெட்டியிலிருந்த ரிசர்வ் பள்ளிக்கூடத்தின் மெல்லிய பதிவேட்டை அன்ரியின் முன்னால் வைத்து, பிழை என்னுடையது என்றேன். விலக்கப்பட்ட வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையில் அவர் பெயர். பக்கத்தின் கீழே இன்ஸ்பெக்டரின் கையெழுத்து. கொட்டிலுக்கு இன்ஸ்பெக்டர் வரமாட்டார்.

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர்ச்சனத்துக்கு எங்களை வெளியில விட அஞ்சு நாள் வேண்டியிருந்தது. நீ ஒரு கிளிக்கில முடிச்சிட்டாய்."

பிறகு சிரித்து, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டார். "இதில இரு. ஒவ்வொரு பேரா வாசி. என்ர கண்ணாடி பத்தாது."

நான் வாசிக்க, அவர் ஒவ்வொருவரையும் சொன்னார். ரிசர்வ் மானேஜர் வீட்டுப் பிளம்ஸ் களவெடுத்தவன். பாடினால் ஆசிரியையே பாடத்தை நிறுத்திவிடுகிற பெண். தன் தங்கையின் பெயர் வந்தபோது மட்டும் அதன்மேல் விரலை வைத்திருந்தார். பக்கத்தைத் திருப்ப நான் அவசரப்படவில்லை.

3. பலகை

அடுத்த கிழமை அன்ரி தொலைபேசியில் பேசினார். கமிட்டி ஏற்றுக்கொண்டதாம். இப்போது எல்லோரும் ஒன்றுதானே, எல்லாப் பெயரையும் ஒரே வரிசையில் கலந்து போடுவோம் என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்களாம்.

"ரெண்டாய் இருந்ததை ரெண்டாய் எழுதுங்கோ எண்டனான். ஒண்டாக்கினா என்ன நடக்கும் எண்டு சிட்னியில ஒருத்தர் எனக்குக் காட்டித் தந்தவர்."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: திரையில் இரண்டு பெயர்கள் ஒன்றாகத் தெரிந்தால், முதலில் இரண்டு பெட்டிகளையும் திறந்து பாருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, மெல்பேர்னில் உள்ள எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூட வரலாற்றைக் காலவரிசையில் எழுதித் தரக் கேட்டது. இரண்டு பள்ளிக்கூடங்களுக்கும் இரண்டு பத்திகள் போட்டு அனுப்பினேன். அங்கே கிரெய்கிபர்னிலிருந்து சங்கச் செயலாளர் அழைத்தார்.

"இப்ப ஏன் அண்ணை அதெல்லாம்? ஒண்டாப் போடுங்கோவன்."

"அதை ஒருக்காச் செய்தனான், தம்பி," என்றேன். "ரெண்டாப் போடுங்கோ. இல்லாட்டி என்ர பேரை எடுத்துவிடுங்கோ."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். இரண்டாவது பள்ளிக்கூடத்தின் பதிவேடு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டு, ஊருக்கு எழுதியிருக்கிறேன்.