கிளிவெட்டிப் பாடசாலையில் குளிசை நாள்

காலை ஆறே முக்காலுக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் ஏறினேன். மூதூர் வழியாகக் கிளிவெட்டிக்கு ரிக்கற் இருநூறு ரூபாய். யாழ்ப்பாணத்திலிருந்து கடலில் குளிக்க வந்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போவது எந்த ஊர் நியாயமோ என்று முணுமுணுத்தபடிதான் புறப்பட்டேன். இழுத்தவர் என் பழைய நண்பர் நிஸார், பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கிண்ணியாவில் அவரும் ஏறிக்கொண்டார். மூதூர் தாண்டியதும் இருபுறமும் வயல் விரிந்தது. என் முணுமுணுப்பும் போன இடம் தெரியவில்லை.

எட்டரைக்குப் பாடசாலைக்குள் நுழைந்தோம். அன்று குளிசை நாள். கிழமைக்கு ஒன்றென அரசாங்கம் இலவசமாகத் தரும் இரும்புச்சத்துக் குளிசையை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்தார். விழுங்குவதற்குக் குசினியிலிருந்து பெரிய பானையில் தேத்தண்ணி வந்தது. காலைச் சாப்பாடு சமைக்க முறை வைத்து வரும் தாய்மாரின் ஏற்பாடு அது. குளிசை மணக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளித்ததால், இஞ்சி தட்டி, சீனியும் தாராளமாகப் போட்டு அவர்களே தொடங்கிய வழக்கம். எனக்கே ஒரு கோப்பை கேட்க வாயூறியது.

நிஸாரின் முகம் மட்டும் மாறியது. "எவ்வளவு காலமா இப்பிடி?"

"தொடங்கின நாள் தொட்டு, சேர்" என்றார் பானையருகே நின்ற ராணி, பெருமையாக.

அவர் மகள் யாழினி ஒன்பதாம் ஆண்டு. அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓடுபவள். போன கிழமை பயிற்சியில் மயங்கி விழுந்தாளாம். இனி ஓட்டமே வேண்டாமென்று ராணி மறித்துவிட்டதாக ஆசிரியை சொன்னபோது, பிள்ளை தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தேத்தண்ணியோடு விழுங்கினால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்று நிஸார் தாய்மாருக்கு விளக்கினார். ராணி பானையை மூடிவிட்டு முன்னால் வந்தார்.

"அப்ப என்ர பிள்ளை விழுந்தது என்னாலயோ, சேர்?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது, அக்கா. ரத்தம் பாத்தாத்தான் தெரியும். ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தாறன், கூட்டிக்கொண்டு போங்க. தேத்தண்ணிய விட வேணாம், ரெண்டு மணித்தியாலம் பிந்திக் குடுங்க. குளிசைக்குத் தேசிக்காய்த் தண்ணி நல்லம்."

ஏசுவார் என்று நான் பயந்திருந்தேன். அவர் ஏசாததற்கு அந்தத் தாய்மாரைவிட எனக்கே நன்றி அதிகம். ஊரில் டொக்டர் எனக்குத் தந்த இதே குளிசையை ஒரு வருடம் தேத்தண்ணியோடு விழுங்கியவன் நான். படித்தவன் என்று பெயர் வேறு. பிள்ளைகளுக்கென்று வந்த ஆலோசனை எனக்கும் சேர்த்தே கிடைத்தது.

இரண்டு பெண்கள் பக்கத்து வளவு எலுமிச்சை மரத்தில் தேசிக்காய் பிடுங்கி வந்தார்கள். பானைத் தேத்தண்ணியில் பாதி எங்களுக்கு வந்தது. நல்ல தேத்தண்ணி.

பதினொரு மணி பஸ்ஸுக்கு நாங்கள் எழும்பியபோது, ராணி துண்டைப் பேர்ஸில் வைத்துக்கொண்டு மகளிடம் கேட்டார்: "போட்டி எப்பயடி?"

"அடுத்த மாசம், அம்மா."

"முதல்ல ரத்தத்தைப் பாப்பம். டொக்டர் ஓம் எண்டால் ஓடு."

பிள்ளை அதற்குள் தோழிகளிடம் சொல்ல மைதானத்தில் பாதித் தூரம் போய்விட்டாள். "ஓடாத, நட!" என்று ராணியும் நிஸாரும் நானும் ஒரே நேரத்தில் கத்தினோம்.