இடுப்பு மாத்திரையும் கப்பல் மாத்திரையும்

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று ஊரிலிருந்து தந்தி வந்தபோது, உலையில் கிடந்த சோறு குழைவதுகூடத் தெரியாமல் எங்கள் புரோத்ராபூர் வீட்டுக்குள்ளேயே சந்தோஷத்தில் குதித்தேன். அந்தமானுக்கு வாழ வந்த பிறகு ஒரு தடவைகூட நான் ஊருக்குப் போனதில்லை. எங்கள் இருவருக்கும் கப்பல் டிக்கெட் கிடைத்தது. அந்தக் கப்பலை விட்டால், அடுத்தது வருவதற்குள் தங்கை மாமியாரோடு ஒரு சண்டையே போட்டு முடித்திருப்பாள்.

என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். ஊரையே ஏவி வேலை வாங்குகிற மனுஷர், மச்சினிக்காகச் செய்யச் சொன்ன படாக் மரப் பெட்டியை மட்டும் தானே தூக்குவேன் என்று குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார்.

"என்னங்க தேடுறீங்க?"

"என் இடுப்பத்தாண்டி தேடுறேன்!"

ஆஸ்பத்திரி டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். சதையை இளக்குகிற மாத்திரை எழுதினார்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலிக்குதுன்னு கூடுதலாப் போடக் கூடாது. தூக்கம் வரும், தலை சுத்தும். சைக்கிளத் தொடாதீங்க. சாராயம், கள்ளு எதுவும் கூடாது. வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?"

"ஒண்ணுமே இல்ல சார்" என்றார் இவர், பெருமையாக. நானும் பலமாகத் தலையாட்டினேன்.

இருவரும் பொய் சொல்லவில்லை. அறுபதுகளில் எங்கள் தீவில் கப்பல் ஏறுகிறவர்கள் எல்லோரும் குமட்டலுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார்கள். தலை சீவிக்கொள்வதுபோல அதுவும் புறப்படுகிற வேலைகளில் ஒன்று. அதை மருந்தென்று யாரும் நினைத்ததில்லை.

புறப்படும் நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு இடுப்பு மாத்திரையைப் போட்டார். வலி குறைந்த சந்தோஷத்தில் கப்பல்துறை வரை பாடிக்கொண்டே வந்தார். வழியனுப்ப வந்த பக்கத்து வீட்டு வங்காளி அக்கா, முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கப்பல் மாத்திரையை நீட்டினாள். "லோ தாதா, உல்டி நஹி ஹோகா." வாந்தி வராதாம். பெட்டியைத் தலைகீழாக வைத்த கூலிக்காரரோடு நான் மல்லுக்கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் இவர் அதை விழுங்கித் தண்ணீரும் குடித்திருந்தார்.

கப்பலில் ஏற்றத் தாமதமானது. வரிசையில் நின்ற இவர் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூலிக்காரரையே கட்டிப்பிடித்து, "மச்சான், கல்யாணத்துக்கு வந்துரணும்" என்றார். பிறகு கயிறு கட்டும் இரும்புத் தூணுக்கு ஒரு சலாம் வைத்தார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, வரிசையே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அவர் கால் மடங்கி என்மேல் சரிந்தார்.

ஏணிப்படியருகே நின்ற கப்பல் டாக்டர் வந்து, "பீகே ஆயா க்யா?" என்றார். குடித்துவிட்டு வந்தாரா என்று கேட்டதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சத்தியமாக ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, காலையில் ஒரு மாத்திரை, இப்போது ஒரு மாத்திரை, அவ்வளவுதான் என்று கத்தினேன். கத்தும்போதே ஆஸ்பத்திரி டாக்டரின் கேள்வி உறைத்தது.

கப்பல் டாக்டரின் முகம் மாறியது. இரண்டும் தூக்கத்தைக் கொடுப்பவை, சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம், இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். என் டிக்கெட் செல்லும், நான் ஏறலாம் என்றும் சொன்னார்.

"நீ போடி... நான் நீந்தி வந்துர்றேன்" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல்.

பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நர்ஸ் அடிக்கடி தட்டி எழுப்பிப் பார்த்தாள். நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கப்பல் சங்கு ஊதியபோது காதைப் பொத்திக்கொண்டேன். அவர்மேல் அப்படி ஒரு கோபம், அதைவிடப் பெரிய பயம்.

சாயங்காலம் கண் விழித்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக என்னைப் பார்த்தார்.

"பாத்தியாடி, கப்பல் கொஞ்சங்கூட ஆடல."

"ஆமாங்க, நல்ல கப்பல்" என்றேன். சிரிப்பை அடக்கத்தான் முந்தானையை வாயில் வைத்தேன். வந்தது அழுகை.