அரசமரத்து சிமெண்டு மேடை

விஜயநகரில் வேலை செய்த இடத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வீடு கட்டும் மனையிலிருந்த அரசமரத்தை வெட்டச் சொன்னார் மேஸ்திரி. மாட்டேன் என்றேன். "போடா, மரமே உனக்குச் சோறு போடும்!" என்று பின்னாலிருந்து கத்தினார்.

பசியோடு அக்ரஹாரத்துக் கோயில் வாசலில் இன்னொரு அரசமரத்தடியில் உட்கார்ந்தேன். நாகர் சிலைகளை வைப்பதற்காக, பக்தர்கள் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டு மேடை போட்டிருந்தார்கள். மேலே பாதிக் கிளைகள் காய்ந்திருந்தன.

"பக்தி ஜாஸ்தி ஆயிடுச்சுண்ணா, வேருக்குத் தண்ணி இறங்கல" என்றாள் பக்கத்தில் பூ விற்ற பெண். "உடைக்கணும்னு கோயில்லயே சொல்றாங்க. நாகர் மேடைல சுத்தியல வைக்க எல்லாருக்கும் பயம்."

"எனக்குந்தாம்மா. பாவம்னுதானே அங்க மரத்த வெட்டாம வந்தேன்."

"அந்த மரத்துக்கு மட்டுந்தான் பாவம் பாப்பீங்களா? இதக் கும்பிட்டே கொல்றோமே!"

காய்ந்த கிளைகளை அண்ணாந்து பார்த்தேன். பிறகு, "சுத்தியலும் உளியும் இருக்கா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை அர்ச்சகர் பூஜை செய்து, நாகர் சிலைகளைக் கோயிலுக்குள் எடுத்துப்போனார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வேரில் படாதபடி உளியைச் சாய்த்துப் பிடித்து, சிமெண்டை உடைக்கத் தொடங்கினேன்.