உள்ளே ஏறியவனின் தாழ்ப்பாள்

ரயில் பயணத்தைப் பற்றி யாராவது உருகி உருகிப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜன்னலோரக் காற்றாம், தூரத்து மலையாம். இவர்களெல்லாம் எந்த ரயிலில் போனார்கள்? நான் போனது அறுபதுகளில், சென்னையிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸில், மூன்றாம் வகுப்பில். அதில் காற்றுக்கே இடம் கிடையாது.

செஞ்சியில் ரயில் இல்லை. மூன்று மலை இருக்கிறது, மலை மேல் கோட்டை இருக்கிறது, அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். ஒரு முழம் தண்டவாளம் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ரயிலைக் கண்ணால் பார்க்கவே திண்டிவனம் போக வேண்டும். என் அப்பா, நைனா என்றுதான் கூப்பிடுவேன், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையை விற்கத் திண்டிவனம் போகும்போது சின்ன வயதில் நானும் தொற்றிக்கொள்வேன். வேலை முடிந்ததும் ஸ்டேஷன் வேலியோரம் நின்று எக்ஸ்பிரஸ் வருவதைப் பார்ப்போம். படியில் கொத்தாகத் தொங்குகிறவர்களையும், மூடிய கதவை அடித்து அடித்துக் கெஞ்சுகிற பிளாட்பார ஜனங்களையும் பார்ப்போம். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கு வயிறு எரியும்.

"ஏன் நைனா தொறக்க மாட்டேங்கறாங்க?"

"உள்ள எடமில்லம்மா."

அந்த இடமில்லாத பெட்டிக்குள் ஒருத்தன் காலை நீட்டிப் படுத்திருப்பது ஜன்னல் வழியாக எனக்கு நன்றாகத் தெரியும். நைனாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் சொல்ல மாட்டார்.

நைனாவைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும். நாங்கள் சமணர்கள். செஞ்சிப் பக்கத்தில் பல தலைமுறையாகப் பயிர் செய்கிற குடும்பம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. இது எங்கள் ஆட்கள் எல்லார் வீட்டிலும் உள்ள வழக்கம். நைனா அதற்கும் ஒரு படி மேலே. கீழே பார்த்துத்தான் காலை வைப்பார். எறும்பு ஊர்ந்தால் அது போகும்வரை நிற்பார். யாரையும் இடிக்க மாட்டார், முந்த மாட்டார். செஞ்சி பஸ்ஸில் இந்தக் குணத்தோடு காலம் தள்ளலாம். டிரைவருக்கு எல்லாரையும் தெரியும். "ஆள் வருது" என்று ஒரு குரல் கொடுத்தால் வண்டி நிற்கும். எக்ஸ்பிரஸ் ரயிலில் என்ன செய்வது?

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் திருச்சியில் ஓர் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்தது. சொன்ன நாளில், காலை மணி அடிப்பதற்குள், அசல் சான்றிதழ்களோடும் தகப்பனாரோடும் வந்து நிற்க வேண்டும். தவறினால் இடம் அடுத்த பெண்ணுக்கு. இடம் போனால் என் கதி என்ன என்பதும் எனக்குத் தெரியும். அவலூர்பேட்டையில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் வீட்டு மாட்டுக்கொட்டிலைக் கூட்டிப் பெருக்கத்தான் எனக்கு விருப்பமில்லை.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே நைனாவும் நானும் திண்டிவனம் ஸ்டேஷனில் காத்து நின்றோம். சான்றிதழ் இருந்த துணிப்பை அவர் தோளில். சாப்பாட்டு கேரியரும் அவர் கையில். சாயங்கால வெயிலில் வண்டி வந்து நின்றது. எல்லாக் கதவும் உள்ளே தாழ் போட்டிருந்தது. எங்களோடு ஒரு தடித்த ஆளும் கதவை அடித்துக்கொண்டு நின்றான். "அண்ணே, கொஞ்சம் தொறங்கண்ணே, அவசரம்ணே" என்று அழாத குறையாகக் கெஞ்சினான். உள்ளேயிருந்து ஒருவர் இறங்குவதற்காகக் கதவு ஒரு சாண் திறந்தது. நைனாதான் படிக்கு நேராக நின்றார். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒதுங்கி நின்று, அந்தத் தடியனைப் பார்த்து, "நீங்க ஏறுங்க, அவசரம்னு சொல்றீங்களே" என்றார்.

அவன் ஏறினான். ஏறினவன் திரும்பிப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். இரும்புத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் கத்தின கத்தலில் ஒரு போர்ட்டர் ஓடி வந்தார். அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் ஜன்னலுக்குக் கம்பி இருக்காது. "தலைய குனிம்மா" என்று சொல்லி, கதவுக்கு அடுத்த ஜன்னல் வழியாக என்னை மூட்டை மாதிரித் தூக்கி உள்ளே தள்ளினார். தாவணி கிழிந்தது. யாரோ மடியில் விழுந்து, வசவு வாங்கி, நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். வண்டி அசைந்தது. நைனா கேரியரை என் கையில் கொடுத்தார்.

பையை இல்லை. கேரியரை!

"பொழுது சாயறதுக்குள்ள சாப்டுடும்மா!"

"பை! பை நைனா!" என்று அலறினேன்.

அவர் தோளில் இருந்த பையைத் தட்டிக் காட்டினார். "பத்திரமா இருக்குது, கவலப்படாத" என்றார். பிறகுதான் வண்டி போவதே அவருக்கு உறைத்தது. கார்டைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு, "ஆள் வருது, ஆள் வருது" என்று பிளாட்பாரத்தில் ஓடினார். செஞ்சி பஸ் என்று நினைத்துவிட்டார். பெட்டிக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. நைனாவையும்தான் அப்போது மன்னிக்கவில்லை. மூன்று அடுக்குச் சோறு கையில் இருக்க, படித்ததற்கான அத்தாட்சியும் படிக்க அனுப்புகிற தகப்பனும் திண்டிவனத்தில் நின்றால், திருச்சிக்குப் போய் நான் யாருக்குப் பரிமாறுவது?

நெருக்கியடித்துக் கதவோரம் போய் நின்றேன். எதிர் வண்டிக்கு வழிவிட எங்கள் வண்டியை நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நிறுத்திப் போட்டார்கள். அங்கேயும் நாலு பேர் கதவை அடித்தார்கள். அந்தத் தடியன் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, "வேற பொட்டிக்குப் போ, வேற பொட்டிக்குப் போ" என்று அதட்டினான். சற்று முன்னால் 'அண்ணே' போட்ட வாய்தான் அது. என்னைப் பார்த்து, நாம் ஒரே கட்சி என்பது போலச் சிரிக்க வேறு செய்தான்.

விழுப்புரம் வந்தது. பிளாட்பாரத்தில் ஜனத்தைக் கண்டதும் ஜன்னல் பலகைகளைப் படபடவென்று இறக்கிவிட்டார்கள். பெட்டி இருட்டானது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரம். வண்டி கொஞ்சம் நிற்கும். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நைனா வந்துகொண்டிருந்தார்! ரோட்டில் போன பஸ்ஸைக் கையைக் காட்டி நிறுத்தி, நின்றுபோன எங்கள் ரயிலை முந்திக்கொண்டு வந்திருக்கிறார். பஸ் அவர் பேச்சைக் கேட்டிருக்கிறது.

"நைனா! இங்க! இங்க!"

அவர் கதவுக்கு வந்தார். கதவைத் தட்டினார். அடிக்கவில்லை, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது போலத் தட்டினார்.

"தொறய்யா, எங்க நைனா" என்றேன் தடியனிடம்.

"எங்க ஏத்துவே? உன் தலை மேலயா?"

"எங்க ரெண்டு பேருக்கும் நாளைக்குக் காலையில திருச்சியில வேல இருக்குது. என் படிப்பே அவரு பையில இருக்குது."

"எல்லாருக்கும்தான் வேல இருக்குது."

"யோவ், திண்டிவனத்துல உன்ன முன்னால ஏறவுட்டவருய்யா அவரு!"

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது திண்டிவனத்துல" என்றான்.

எஞ்சின் ஊதியது. நான் கேரியரை ஓங்கி, தாழ்ப்பாளில் இருந்த அவன் விரல்கள் மேல் இறக்கினேன். அவன் அலறிக் கையை எடுத்தான். இரண்டாவது அடியை ஓங்குவதற்குள் சுற்றியிருந்தவர்கள் தாமாகவே விலகினார்கள். இடமே இல்லாத பெட்டியில் அவ்வளவு இடம் இருந்தது. நான் தாழ்ப்பாளைத் தூக்கிக் கதவைத் திறந்தேன். நைனாவைத் தள்ளிக்கொண்டு ஐந்தாறு பேர் ஏறினார்கள். அவர் ஒதுங்கப் பார்த்தார். அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆளின் விரலில் வழிந்த ரத்தத்தைத்தான் பார்த்தார். "ஐயோ, இன்னாங்க ஆச்சு? யாருங்க இப்டி அடிச்சது?" என்று பதறி, தன் துண்டின் ஓரத்தைக் கிழித்து விரலைச் சுற்றிக் கட்டினார்.

"உம் பொண்ணுதான்யா" என்றான் அவன்.

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நசுங்கின கேரியரிலிருந்து புளிக்குழம்பு என் கால் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையைக் குனியவில்லை. எனக்கு அப்போதும் வருத்தமில்லை, இப்போதும் இல்லை. இன்னும் கொஞ்சம் பலமாக அடித்திருக்கலாம் என்றுதான் எப்போதாவது தோன்றும்.

வெளியே பொழுது போய்விட்டது. இருவரும் சாப்பிடவில்லை. திருச்சி வரை நைனா என்னோடு பேசவில்லை.

காலையில் முதல் ஆட்களாகப் பயிற்சிப் பள்ளி வாசலில் நின்றோம். பையை என் கையில் கொடுக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"ஒரு உசிர அடிச்சிட்டியேம்மா. அடிக்காமயே அந்தக் கதவத் தொறந்திருக்கலாம்."

"எப்படி நைனா? நீயே சொல்லு. அடுத்த வாட்டி அப்படியே செய்றேன்."

கோபத்தில்தான் கேட்டேன். ஆனால் அவர் கேள்வியைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார். கண்ணை மூடி யோசித்தார். உள்ளே மணி அடித்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து எங்களை வரச்சொன்னார். நைனா அப்போதும் யோசித்துக்கொண்டே, கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்து உள்ளே நடந்தார்.