நான்காவது தேநீர்

பிரிக்பீல்ட்ஸில் தினமும் காலையில் மூன்று தமிழ் நாளிதழ்களை வாங்கி, மரண அறிவிப்புகளை மட்டும் கைப்பேசியில் வாசித்துப் பதிவு செய்து, கண் மங்கிய அறுபத்து மூன்று பேருக்கு அனுப்பி வந்தேன். எங்கள் வழக்கத்தில் காலையில் அறிவிப்பு வந்தால் பிற்பகலில் தகனம் முடிந்துவிடும். தாமதமாகத் தெரிந்தால் முகம் பார்க்க முடியாது.

சென்ற ஆண்டு ஒரே வாரத்தில் மூன்று நாளிதழ்களிடமிருந்தும் கடிதம் வந்தது. தங்கள் பக்கங்களை வாசித்துப் பரப்பக் கூடாதாம். மூன்றிலும் பதினேழு வரிகள். வரிக்கு வரி ஒரே வாசகம். பதிவை நிறுத்தினேன்.

பெட்டாலிங் ஜெயாவில் வழக்கறிஞராக இருக்கும் என் தங்கை மகளிடம் காட்டினேன். ஒரு பத்திரிகை தானாக மறுத்தால் அது அதன் உரிமை என்றாள். போட்டியாளர்கள் மூவரும் கூடிப் பேசி ஒன்றாக மறுத்தால் அது போட்டிச் சட்டத்தின் கீழ் வரலாம், போட்டி ஆணையத்தில் புகார் செய்யலாம், ஆனால் கூடிப் பேசியதற்கு ஆதாரம் வேண்டும் என்றாள்.

ஆதாரம் கிள்ளானில் இருந்தது. அந்த நாளிதழ்களில் ஒன்றில் பக்கம் வடிவமைக்கும் என் நண்பர், ஒரு நாள் தம் மேலாளரைக் காரில் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போயிருந்தார். மற்ற இரு மேலாளர்களும் அங்கே காத்திருந்தார்கள். கடிதத்தின் வாசகம் அந்த மேசையில்தான் முடிவானது. நண்பர் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.

"என் பேரு மட்டும் வரக்கூடாது அண்ணே," என்றார்.

வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டு, எத்தனை தேநீர் குடித்தார்கள் என்று கேட்டேன்.

"இதையுமா எண்ணுவீங்க? நாலு தே தாரேக் லா. ஒண்ணு எனக்கு."

புகாரை நான்கு பக்கம் எழுதினேன். அவர் பெயர் எங்கும் இல்லை. நாள், கடை, மூலை மேசை, மூன்று மேலாளர்கள், நான்கு தேநீர் எல்லாம் இருந்தன. முப்பத்தொரு வருடம் அரசாங்கக் குமாஸ்தா வேலை பார்த்தவன். சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நகல் அனுப்பாமல் ஒரு கடிதமும் விட்டதில்லை. மூன்று நாளிதழ்களுக்கும் பதிவுத் தபாலில் நகல் போட்டேன்.

ஐந்தாம் நாள் நண்பர் அழைத்தார்.

"உங்க கடுதாசிய மேனேஜர் என் மேசையில வச்சிட்டுப் போயிட்டாரு அண்ணே. நாலு தேநீர்ங்கிற இடத்துல மட்டும் சிவப்புப் பேனாவால வட்டம் போட்டிருக்கு."

அடுத்த வாரம் ஆணையத்தில் விளக்கம் கேட்டுக் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: மேசையில் மூவர், தேநீர் நான்கு, அந்த நான்காவது ஆள் யார்? அவர் சாட்சி சொல்வாரா?

தப்பாக எண்ணிவிட்டேன், மூன்றுதான் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அப்படிச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார். இதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்று அடுத்துக் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றேன். புகாரில் அதற்குமேல் எதுவும் மிஞ்சவில்லை.

அறுபத்து மூன்று பேரில் இருவர் அந்த மாதமே தம் உறவினரின் தகனத்தைத் தவறவிட்டார்கள்.

நண்பருக்கு வேலை போகவில்லை. வெள்ளிக்கிழமை அவரே அழைத்தார்.

"தினம் மூணு மணிக்கு மேனேஜரே ஒரு தே தாரேக் கொண்டாந்து என் மேசையில வைக்கிறாரு அண்ணே. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறாரு."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"நீங்களே எண்ணிக்குங்க," என்று போனை வைத்துவிட்டார்.