மூன்று வரிசையும் நாலாவது ஆளும்

“ஒரு வரிசை ஒழுங்காப் புடிக்கத் தெரியல. இவளப் போயி ஆறாவது படிக்க டவுனுக்கு அனுப்பப் போறீங்களா, அண்ணி?”

அத்தை இதைக் கேட்டது செட்டிகுளம் பக்கம் ஒரு பருத்திக் காட்டில். எனக்குப் பொங்கல் விடுமுறை. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் ஐந்தாவதைத் தாண்டியதில்லை.

மாலையில் மூன்று வரிசைகள்தான் மிச்சம். மூன்றும் ஒரே நீளம், ஒரே காய்ப்பு. அம்மா, அத்தை, சித்தி மூவரும் ஆளுக்கொன்றில் இறங்கி, மேற்கே பார்த்துப் பஞ்சு எடுக்கத் தொடங்கினார்கள். காலி வரிசை இருக்கும்வரை ஒன்றில் இருவர் இறங்குவது அங்கே வழக்கமில்லை. நான் நாலாவது ஆள். அம்மாவை ஒட்டி நின்று, அம்மா கைவைத்த காயிலேயே நானும் கைவைத்தேன். இருவர் கையும் மோதி, காய்ந்த ஓடு கீறியது. அதைப் பார்த்துத்தான் அத்தை அப்படிச் சொன்னார்.

அம்மா என் பக்கம் திரும்பி, “அந்தக் கோடிக்குப் போ. அங்கேருந்து என்னப் பாத்து எடுத்துக்கிட்டு வா” என்றார்.

அம்மாவும் அத்தை கட்சிதான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே எடுத்தேன். நடுவில் சந்தித்ததும் அம்மா தன் மடியிலிருந்த பஞ்சில் பெரும்பங்கை என் மடியில் தள்ளினார். “எனக்குக் கனக்குது, நீ தூக்கிட்டு வா.” அம்மாவுக்கு வயதாகிவிட்டதே என்று கவலைப்பட்டேன். அப்போது அம்மாவுக்கு முப்பதுகூட இல்லை.

வரப்பில் என் மடியைத் தூக்கிப் பார்த்த அத்தை, “பரவால்லயே, புடிச்சுட்டா” என்றார். அந்த ஜூனில் நான் பெரம்பலூர் பஸ் ஏறினேன்.

பிளஸ் ஒன்னில் வேதியியல் சார் கரும்பலகையில் மூன்று கட்டங்கள் போட்டார். சம ஆற்றலுள்ள மூன்று ஆர்பிட்டால்கள், அதாவது அணுவுக்குள் எலக்ட்ரான்கள் தங்கும் இடங்கள். முதல் மூன்று எலக்ட்ரான்களும் தனித்தனிக் கட்டத்தில். அவற்றின் சுழற்சியைக் காட்டும் அம்புகள் மூன்றும் மேல்நோக்கி. “நாலாவது எங்க போகும்?”

“ஏதாவது ஒண்ணோட சேரும் சார். ஆனா எதிர்ப்பக்கம் திரும்பி.”

முன்பே படித்துவிட்டாயா என்று கேட்டார். எனக்குக் கேள்விதான் வந்தது. “இடிச்சுக்காம இருக்கத் தனித்தனியாப் போவுது, சரி. மூணும் ஏன் சார் ஒரே பக்கம் பாக்குது?” காட்டில் அதற்குக் காரணம் பேச்சு, ஒரே பக்கம் நகர்ந்தால்தான் ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம். எலக்ட்ரானுக்கு என்ன கதை?

“மேல படிச்சாத் தெரியும்மா” என்றார் சார்.

அரியலூரில் பி.எஸ்சி. முடித்தும் அது பாதிதான் புரிந்தது. மடி கனக்காமலே அம்மா கனக்கிறது என்று சொன்னது மட்டும் முழுதாகப் புரிந்துவிட்டது.

போன வாரம் திருச்சியில் எம்.எஸ்சி. வேதியியலில் சேர்ந்துவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தது அத்தைதான். “கனக்குதேடி, என்னத்தடி வச்சிருக்க?”