பூனைக்குப் பால் எப்போது ஊற்றலாம்?

கொல்லையில் இருக்கும் பழைய சாமைக் கொட்டகையைப் பேத்தி மல்லிகா தன் பூனைகள் விளையாடும் இடமாக மாற்றுகிறாள். சுற்றிலும் வலை, ஏறி உட்காரப் பலகைகள். பழைய கதவைப் பெயர்த்ததும் சாமைத் தூசி குப்பென்று மூக்கில் ஏறியது. அந்த நொடியே எனக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது.

அப்போது அப்பா அந்தியில் எங்கள் பூனையை இதற்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்.

"பட்டினியா கெடந்தாதான் எலி புடிக்கும். யாரும் ஒண்ணும் வெக்காதீங்க!"

அது கத்துவதைப் பொறுக்காமல் நான் கதவிடுக்கில் ஆட்டுப்பால் ஊற்றினேன். பூனை குடித்துவிட்டுத் தூங்கியது. விதைச் சாமையை எலி தின்றது. அப்பா பூனையைச் சாக்கில் கட்டி அமிர்திக் காட்டில் விட்டுவிட்டு வந்தார். பால் ஊற்றியது நான்தான் என்று அவரிடம் சொல்லவேயில்லை.

இப்போதும் கிண்ணத்தில் பாலோடு போனேன்.

"ஆயா, இன்னா பண்ற? பாலு ஊத்தாத. வயிறு கெட்டுப்பூடும்."

"அப்போ எலி புடிக்காதுன்னாங்க. இப்போ வயிறு கெடுமாம். பூனைக்கு எப்பத்தான்டி பால் ஊத்தறது?"

"இதுங்க எலியே புடிக்க வேணாம் ஆயா. வெளையாடினா போதும்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பூனை செய்த குற்றம்தான் என்ன?

மல்லிகா புதுக் கதவைச் சாத்தப் போனாள்.

"கொஞ்சம் தொறந்தே வையிடி. அமிர்திலேர்ந்து ஒருத்தி வரவேண்டியிருக்குது."

"யாரு ஆயா?"

பாலை நானே குடித்துவிட்டேன்.